ஜன்னலுக்கு நடந்த சண்டை

எங்கள் வீட்டில் உருப்படியான ஜன்னல் ஒன்றுதான். முன் அறையில், கிழக்குப் பார்த்தது. மற்றதெல்லாம் பேருக்கு ஜன்னல். ஒன்றைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், இன்னொன்றைத் திறந்தால் பலா மரம். ஜமுனாமரத்தூரில் மழையும் பனியும் இறங்கிவிட்டால் பகலிலேயே விளக்குப் போட வேண்டும். அதனால் அந்த ஜன்னலடியில் யார் உட்காருவது என்பது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. நான் உட்கார்ந்திருந்தேன். என் ஓரகத்திக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. சண்டை இவ்வளவுதான்.

அவள் என் வீட்டுக்காரருடைய தம்பியின் மனைவி. நான் கண்ணமங்கலத்திலிருந்து மலையேறி வந்தவள், அவள் செங்கத்திலிருந்து வந்தவள். என் வீட்டுக்காரர் சந்தைச் சரக்கு ஏற்றும் வேன் ஓட்டுகிறார். கொழுந்தனார் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். அப்போது வீடும் ஒன்று, அடுப்பும் ஒன்று. ஓரகத்திகள் இரண்டு பேரும் எப்படி இருக்கிறார்கள் என்று யாராவது கேட்டால் என் வீட்டுக்காரர், ஒரே வேனில் ரெண்டு ஸ்டீரிங் வெச்ச மாதிரி என்பார். அவர் அதிகம் பேசாதவர். பேசினால் இப்படித்தான்.

பழைய பிலிம் கேமராக்களில் ஸ்விட்ச், பட்டன், லீவர், திருகுகிற வட்டு, இவையெல்லாம் கெட்டுப்போனால் சரிசெய்து கொடுப்பது என் வேலை. எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. முதலில் திறந்தது எங்கள் வீட்டு மிக்ஸி. அப்புறம் தெருவில் இருக்கிற மிக்ஸி, டார்ச் லைட், பேன் ரெகுலேட்டர். ஒருநாள் அருவி பார்க்க வந்த கல்லூரிப் பையன் ஒருவன் மழைக்கு எங்கள் வாசலில் ஒதுங்கினான். கழுத்தில் பழைய கேமரா, பட்டனை அமுக்கினால் வேலை செய்யவில்லை என்று வருத்தப்பட்டான். திறந்து பார்த்தேன். டார்ச் லைட்டில் கருத்துப்போகிற அதே தகடுதான், இன்னும் பொடிசாக இருந்தது. துடைத்துக் கொடுத்தேன். அவன் போய் யார் யாரிடம் சொன்னானோ, பெங்களூர், சென்னை என்று ஊர் ஊராகக் கேமராக்கள் துணியில் சுற்றப்பட்டு மலை பஸ்ஸில் ஏறி வர ஆரம்பித்தன. கண்டக்டர் பொட்டலத்தைக் கொடுக்கும்போது, "ஊர்ல கீற குருட்டுக் கண்ணெல்லாம் ஒங்க வூட்டுக்குத்தான் வருதுக்கா" என்பார். இதைவிட நன்றாக என் தொழிலை யாரும் சொன்னதில்லை.

என் மேசையைப் பார்த்தால் சிரிப்பீர்கள். ஓட்டை விழுந்த பணியாரக் கல் ஒன்று, கழற்றுகிற திருகாணிகளைக் குழிக்குக் குழி வரிசையாகப் போட. அறுந்த ஹவாய் செருப்பிலிருந்து வெட்டிய ரப்பர், வழுக்குகிற வளையங்களை அழுத்தித் திருக. வாட்ச் கடைக்காரர்கள் கண்ணில் மாட்டுகிற கண்ணாடி. கல்யாணப் பத்திரிகைகளைக் கீற்றுக் கீற்றாக நறுக்கி வைத்திருப்பேன். ஸ்பிரிட்டில் நனைத்துத் தகடுகளுக்கு நடுவில் விட்டு இழுத்தால் கருப்பு வந்துவிடும். பளபளப்பு அட்டை உதவாது, சொரசொரப்பாக இருக்க வேண்டும். கல்யாண வீட்டுக்காரர்கள் பத்திரிகை வைக்கும்போது நான் விரலால் தடவிப் பார்ப்பதைக் கண்டு தேதி பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஓரகத்தி தையல் கற்றுக்கொண்டு மோட்டார் வைத்த மெஷின் ஒன்றும் வாங்கினாள். பின்னறையில் போட்டாள். கருப்பு ரவிக்கையில் கருப்பு நூல் பல்பு வெளிச்சத்தில் தெரியவில்லை என்றாள். உண்மைதான், தெரியாது. ஆனால் அதை என்னிடம் சொல்லாமல் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் நாலு பேரிடம் சொன்னாள். தான் தைப்பதை ஊரே உடுத்துகிறது, அக்கா பண்ணுவதை யாராவது கண்ணால் பார்த்ததுண்டா என்றாள். அது சுற்றிக்கொண்டு என் காதுக்கு வந்தது. நானும் சும்மா இருக்கவில்லை. ரவிக்கையில் கை ஒன்று மேலே ஒன்று கீழே இருந்தாலும் உடம்பு கோணல் என்று சொல்லிச் சமாளிக்கலாம், கேமராவில் அப்படி முடியாது என்றேன். இதுவும் சுற்றிக்கொண்டு அவள் காதுக்குப் போனது. எங்கள் ஊரில் இதற்கு அஞ்சல் செலவு கிடையாது.

அண்ணன் தம்பி இருவரும் தலையிடவில்லை. பேச்சு ஆரம்பித்தால் ஒருவர் வேன் டயரில் காற்றுப் பார்க்கப் போய்விடுவார். இன்னொருவர் உச்சி வெயிலில் கோழிக்கூண்டு சாத்தப் போவார்.

அப்படி இருக்கையில் ஒரு சந்தை நாளில் அவளுடைய அப்பா வந்தார். செங்கத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். இப்போது அந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். வந்தவர் தண்ணீர் குடித்துவிட்டு நேராக என் மேசைக்கு வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"இது மேசையா, கோழி கெளறின குப்பையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்படிப் பேசுகிறவரை எனக்கு வெறுக்க வராது. அவர் சிரிக்கவில்லை. மகள் எல்லாவற்றையும் சொல்லித்தான் வரவழைத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

பையிலிருந்து துண்டில் சுற்றிய கேமரா ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். ஸ்டூடியோவில் அவர் கையில் இருந்த கேமரா. அந்த வகையில் பிலிமை நகர்த்துகிற லீவரைக் கொஞ்சம் வெளியே இழுத்தால் உள்ளே மீட்டருக்குக் கரண்ட் போகும். கண்ணை வைத்துப் பார்த்தால் ஒரு முள் எழுந்து, வெளிச்சம் போதுமா போதாதா என்று காட்டும். லீவரேதான் ஸ்விட்ச். அந்த முள் எழுந்து பல வருஷம் ஆகிவிட்டதாம்.

"வேலூர்ல கைவிட்ட கேஸு. அடுத்த சந்தைக்கு வர்றேன். இத்த எழுப்பிட்டீன்னா நீ மெக்கானிக்குன்னு ஒத்துக்கறேன், ஜன்னல் ஒனக்கு. இல்லன்னா பேசாம எம் பொண்ணுக்கு வுட்டுடு."

கொழுந்தனார் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதுவும் நல்லதுதான் அண்ணி, ஏதோ ஒரு முடிவு தெரியும் என்றார். என் வீட்டுக்காரர் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரகத்தி சமையல்கட்டு வாசலில் சாய்ந்து நின்றிருந்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். என் வாய் யோசிக்கிற ஜாதி இல்லை. சரி என்று சொல்லிவிட்டது.

மறுநாள் வெயில் ஏறியதும் திறந்தேன். அடியில் பட்டன் பேட்டரி எப்போதோ கசிந்து, அந்தக் குழி பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. மேல் மூடியைக் கழற்றினால் லீவருக்குக் கீழே மெலிசான செம்புத் தகடு. லீவர் வெளியே வரும்போது அது பக்கத்துத் தகட்டைத் தொட வேண்டும். தொட்டது, ஆனால் இரண்டும் அடிப்பிடித்த பால் சட்டி மாதிரி இருந்தன. பத்திரிகைக் கீற்றால் துடைத்தேன். பேட்டரியிலிருந்து மேலே வருகிற கம்பி உள்ளுக்குள்ளேயே செத்திருந்தது. வேறு கம்பி வைத்துப் பற்றவைத்தேன். வேலூர்க்காரர் இதுவரை பார்த்துவிட்டு விட்டிருப்பார் என்று தோன்றியது. பேட்டரிக் குழியின் அடித்தகட்டை அவர் தொட்டதாகவே தெரியவில்லை.

அதற்கு நான் வைத்திருப்பது புளி. பேட்டரிக் கசிவு சோடா உப்பு மாதிரியான சாமான், புளிப்புப் பட்டால் கரைந்துவிடும். பித்தளை விளக்குத் தேய்க்கிற அதே விஷயம்தான். ஆனால் புதுப் புளியாக இருக்க வேண்டும், உப்புப் போடாததாக இருக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு வருஷமும் ஒரு உருண்டையைத் தனி டப்பாவில் அடுப்படி அலமாரியில் எடுத்து வைப்பேன். அதில் கொஞ்சம் பிய்த்துக் கரைத்து, ஈர்க்குச்சியில் பஞ்சு சுற்றித் தொட்டுத் தொட்டுத் தேய்த்தேன். தகடு மினுங்கியது. ஈரப் பஞ்சால் துடைத்து, வெயிலில் காய வைத்து, பேட்டரி போட்டு லீவரை இழுத்தேன்.

முள் எழுந்தது. ஜன்னலைப் பார்த்தால் மேலே போனது, மூலையைப் பார்த்தால் இறங்கியது.

சும்மா இருந்தேனா? வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். கோழிக்குத் தவிடு வைக்க வந்த பக்கத்து வீட்டம்மா வரைக்கும் காட்டினேன். ஓரகத்தி மட்டும் வரவில்லை. ஏதோ ஒரு முள்ளு ஆடுதாம் என்று பின்னறையிலிருந்து அவள் சொன்னது எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னது.

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. விடாத மழை. துணி காயவில்லை, சாமை காயவில்லை. சந்தைக்கு முந்தின நாளுக்கு முந்தின நாள் கேமராவை எடுத்து லீவரை இழுத்தால் முள் படுத்த இடத்திலேயே படுத்திருந்தது.

எனக்குச் சந்தேகம் ஒரு இடத்துக்குத்தான் போனது. பின்னறை வாசலில் போய் நின்று, என் மேசையை யார் தொட்டது என்று கேட்டேன். அவள் மெஷினை நிறுத்தினாள். ஊசியிலிருந்து நூலைக் கடித்துத் துப்பிவிட்டுத்தான் பேசினாள்.

"நான் தொடறதா இருந்தா கேமராவ தொடமாட்டேன்க்கா. மேசையத்தான் தூக்கி வெளிய போடுவேன்."

அக்கா என்று சொல்லாமல் அவள் என்னைத் திட்டியதே கிடையாது. மரியாதையில் ஒரு குறையும் வைக்கமாட்டாள். நான் அதற்குமேல் நிறையச் சொன்னேன். அவள் அப்பா ஸ்டூடியோவை மூடியதற்கும் இதற்கும் முடிச்சுப் போட்டேன். அது அவளுக்கு எங்கே பட வேண்டுமோ அங்கே பட்டது. அன்று அவள் வைத்த குழம்பில் தாளிப்பு இல்லை. கரண்டியைத் தட்டில் தட்டிய சத்தத்துக்கு ஆண்கள் இருவரும் நிமிரவே இல்லை. குனிந்தபடியே சாப்பிட்டு முடித்தார்கள்.

மறுநாள் காலையில் மறுபடி திறந்தேன். பேட்டரிக் குழியில், துடைத்துக் காய வைத்த அதே இடத்தில், பொட்டுப் பொட்டாக ஈரம். சுற்றிலும் புதிதாகப் பச்சை. ஓரமாக ஒரு இடத்தில் தகட்டையே அரித்திருந்தது. கேமரா மேசைமேல் துணி மூடியல்லவா இருந்தது, மழை எப்படி உள்ளே போகும்? விளங்கவில்லை. உலை வைக்க வேண்டிய முறை அன்று என்னுடையது. எழுந்துபோய் உப்பு ஜாடியில் கையை விட்டேன். மழைக்கு உப்பு வேர்த்து, விரலெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது. அப்படியே நின்றேன். அலமாரியிலிருந்து என் டப்பாவை இறக்கி, புளியை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

உப்பு.

எங்கள் பக்கத்தில் வருஷத்துப் புளியைக் கல்லுப்புப் போட்டு இடித்துப் பானையில் அடைப்பது எல்லா வீட்டிலும் உண்டு. உப்பு இருந்தால் புழு வராது. குழம்புக்கு அது நல்லது. செம்புத் தகட்டின் இடுக்கில் ஒரு பொட்டு உப்புத்தண்ணீர் தங்கினால் மழைக்காற்றில் அது வேர்த்து வேர்த்துத் தகட்டையே தின்றுவிடும். டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு, இதில் உப்பு போட்டது யார் என்று கேட்டேன்.

"நான்தான் போட்டேன். புழு வெச்சிடும்னு போட்டேன். அடுப்பாண்ட கீற புளி கொழம்புக்குன்னுதானே எவளும் நெனப்பா. மெஷினுக்கு மருந்துன்னு எழுதி ஒட்டியிருந்தீங்களாக்கா?"

எழுதி ஒட்டவில்லை. அவள் வேண்டுமென்று போடவில்லை என்பது அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்தது. வேண்டுமென்று செய்கிறவள் புழுவைப் பற்றி இவ்வளவு கோபமாகப் பேசமாட்டாள். ஆனால் அவள் முகத்தில் ஐயோ என்ற ஒரு சாயல்கூட இல்லை. பார்த்தீர்களா, நான் தொடவில்லை என்று நிரூபித்துவிட்டேன் என்ற முகம். என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவளைப் பார்த்து, தொடவில்லை, ஊறுகாய் போட்டுவிட்டாய் என்றேன். அதோடு பேச்சு நின்றது.

ஒரு பகல் பொழுது மிச்சம் இருந்தது. வேன் பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் என் வீட்டுக்காரரிடம் இருந்தது. அதில் எந்த உப்பும் இருக்காது. கேட்டேன். பாட்டிலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அந்தச் சண்டை முழுக்க அவர் என் பக்கம் சாய்ந்தது அந்த ஒரு தடவைதான். குழியைக் கழுவிக் கழுவி உப்பை எடுத்தேன். அரித்துப்போன தகட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழைய டார்ச் லைட்டின் பித்தளைத் தகட்டை அதே அளவுக்கு வெட்டி, வளைத்து, உட்கார வைத்தேன். ஸ்பிரிட்டால் துடைத்தேன். வெயில் இல்லை. மேசை விளக்கை அருகில் இழுத்து அந்தச் சூட்டில் காய வைத்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது. அடுப்படியிலிருந்து ஒரு டீகூட வரவில்லை.

சந்தை நாளில் அவள் அப்பா நனைந்த குடையோடு வந்தார். உட்காரக்கூட இல்லை, கையை நீட்டினார். கொடுத்தேன். லீவரை இழுத்துக் கண்ணை வைத்தார். கொழுந்தனார் கடையைப் பூட்டிவிட்டு வந்து நின்றிருந்தார். என் வீட்டுக்காரர் வாசற்படியில். ஓரகத்தி அப்பாவுக்கு ரொம்பப் பக்கத்தில்.

முள் எழுந்தது அவருக்குத் தெரிந்துவிட்டது, தோளைப் பார்த்தே நான் சொல்லிவிடுவேன். ஆனால் வாயைத் திறந்தபோது அவர் சொன்னது இதுதான்.

"முள்ளு ஆடுது. ஆடறதெல்லாம் வேலை செய்யுதுன்னு அர்த்தம் இல்லம்மா. பல்லுகூடத்தான் ஆடும்."

ஜன்னல் பக்கம் போனார். வெளியே மேகத்தைப் பார்த்து, வெளிச்சம் இவ்வளவு என்று கண்மதிப்பாக ஒரு கணக்குச் சொல்லிக்கொண்டு வட்டைத் திருப்பினார். அப்புறம் கண்ணை வைத்தார். தன் உள்ளங்கையைப் பார்த்தார், வெள்ளைச் சுவரைப் பார்த்தார், சமையல்கட்டு இருட்டைப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் முதலில் அவர் வாய் சொல்லும், பிறகு முள் சொல்லும். பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்து முடித்த பிறகும் அவர் கேமராவைக் கீழே வைக்கவில்லை. லீவரைத் தள்ளினார், இழுத்தார். பட்டனை அழுத்தினார். வெறும் கேமரா, பிலிம் இல்லை. மறுபடி தள்ளினார். அவர் கட்டைவிரலுக்கு அந்த வேலை மறந்திருக்கவே இல்லை.

"போதும்ப்பா," என்றாள் மகள். "சரியா கீதா இல்லியா, அத்த சொல்லு."

முள் ஒரு நூலளவு கூடவோ குறையவோ காட்டுகிறது என்று அவர் சொல்லியிருந்தால் மறுத்துப் பேச அந்த அறையில் ஆள் கிடையாது. எனக்கே அதை நிரூபிக்க வழி இல்லை. அது அவளுக்கும் தெரியும். அவள் அதைத்தான் கேட்டாள், எங்கள் எல்லோர் முன்னாலும் கேட்டாள். அவர் மகளைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார்.

"சரியாத்தான் கீது."

அவள் உள்ளே போய்விட்டாள். அவர் கேமராவைத் துண்டில் சுற்றிக்கொண்டு, என்னிடம் நல்ல வார்த்தை ஒன்றும் சொல்லாமல், குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று நான் சொன்னது அவர் முதுகில்தான் விழுந்தது.

மறுநாள் காலையில் பின்கட்டில் புதிதாக ஒரு கேஸ் அடுப்பு. கொழுந்தனார் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போகும்போது என்னைப் பார்க்கவில்லை. பாத்திரங்கள் பிரிந்தன. புளிப்பானையை அவளே எடுத்துக்கொண்டு போனாள். அவள் அடைத்தது, அவளுக்குச் சொந்தம். ஜன்னல் எனக்கு. அதில் மாற்றம் இல்லை.

பேசாமல் இருக்க எனக்கு வராது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் பேசாமல் இருந்தாள். பஸ்ஸில் எனக்குப் பொட்டலம் வந்து நான் வீட்டில் இல்லாவிட்டால் வாங்கிவைப்பாள், படியில் வைத்துவிட்டுப் போவாள், வந்திருக்கிறது என்று சொல்லமாட்டாள். நான் அவள் காதுபடக் கோழியைத் திட்டுவேன். அவள் என் காதுபடப் புருஷனைத் திட்டுவாள். இப்படியே ஒரு வருஷம் போய்விட்டது.

போன மழையில் அவள் தையல் மெஷின் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் உறுமி, விக்கி, அடங்குவது கேட்டது. மறுபடி உறுமி, மறுபடி விக்கி. எனக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. மோட்டாரில் ஒன்றும் இல்லை, காலால் மிதிக்கிற பெடலுக்குள் இருக்கிற தகடுதான். கால் மணி நேர வேலை. மேசையை ஒதுக்கிக் கொஞ்சம் இடம்கூடச் செய்தேன். ஏன் செய்தேன் என்று கேட்காதீர்கள்.

அவள் பெடலைத் துணிப்பையில் போட்டு, ஒயர் வெளியே தொங்க, என் ஜன்னலைத் தாண்டி நடந்தாள். செங்கம் பஸ் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் பையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

"இன்னாம்மா, வூட்லயே ஆள வெச்சிக்கினு எங்க கெளம்பிட்ட?"

"செங்கத்துல நல்ல மெக்கானிக்கு யார்னா கீறாங்களாண்ணா?"

கண்டக்டருக்குக் கேட்க அவ்வளவு சத்தம் தேவையில்லை. நான் எழுந்திருக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. அவள் ஏறி, என் பக்கம் இல்லாத சீட்டாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

சாயங்காலம் திரும்பி வந்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் மெஷின் மறுபடி ஓடியது. காதைச் சுவரில் வைக்காமலே கேட்டேன். செங்கத்து மெக்கானிக் தகட்டைச் சுரண்டியிருக்கிறான், துடைக்கவில்லை. அடுத்த மழை தாங்காது.

நான் சொல்லவில்லை.